இடுப்பு மூட்டு மாற்றிய பின் புண்ணில் நீர் வடிந்தால்...

ஜுரு வட்டாரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து, நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் தொடையில் போட்ட கட்டு ஈரமாக இருக்கிறது. "கொஞ்சம் தண்ணிதானே, தானா காய்ஞ்சிடும்" என்கிறார் மூத்த மகள். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்கிறார் அண்டை வீட்டுக்காரர். மகனுக்கோ வேலை நாள். அறுவைச் சிகிச்சை நடந்தது ஜார்ஜ்டவுனில். பாலம் கடந்து போக வேண்டும். மருத்துவர் வரச் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என்ன செய்வது?

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்த நிலைமை எந்த வீட்டுக்கும் வரலாம். பதில் ஒன்றே ஒன்றுதான்: தேதிக்குக் காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவமனையை அன்றே நாட வேண்டும்.

எது இயல்பு, எது இயல்பல்ல?

அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் இரண்டு நாள்களில் கட்டில் இரத்தக் கறை படிவது இயல்பு. சில மருத்துவர்கள் உள்ளே தேங்கும் இரத்தம் வெளியேற மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, ஓரிரு நாளில் எடுத்து விடுவார்கள். குழாய் வைப்பதால் கிருமித் தொற்று குறைவதில்லை, இரத்தம் ஏற்றும் தேவைதான் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியதால், இப்போது பலர் குழாய் வைப்பதில்லை.

கசிவு நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் கடந்தும் கட்டில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஈரம் பரவினால், அது நீடித்த கசிவு என்று 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கூடிய அனைத்துலக மூட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஓர் இருபது சென் நாணயத்தின் அகலம். ஈரத்தின் ஓரத்தைக் கட்டின் மேலேயே பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் எழுதி வைத்தால், அது பரவுகிறதா என்பது தெரிந்துவிடும். அதற்காகக் கட்டை அடிக்கடி பிரித்துப் பார்க்கக் கூடாது.

ஏன் வடிகிறது?

உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு கரைந்து கசியலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தும் காரணமாகலாம். உடற்பருமன், இனிப்பு நீர், சத்துக் குறைவு உள்ளவர்களுக்குப் புண் மெதுவாகத்தான் மூடும். வடியும் நீர் எல்லாம் சீழ் அல்ல. ஆனால் நீர் வெளியே வரும் வழி, கிருமி உள்ளே போகும் வழியும் ஆகும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு நீர் வடியும் ஒவ்வொரு கூடுதல் நாளும் தொற்று ஏற்படும் வாய்ப்பை 42 விழுக்காடு உயர்த்துகிறது என்று 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

உலோகத்தில் ஒட்டும் கிருமி

சதையில் கிருமி புகுந்தால் இரத்தத்தின் வழியே மருந்து அங்கே போய்ச் சேரும். செயற்கை மூட்டில் இரத்த ஓட்டம் கிடையாது. அதில் ஒட்டிய கிருமிகள், வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு அதற்குள் வாழும். மருந்து அதைத் துளைத்துப் போவது கடினம்.

இன்றைய இடுப்பு மூட்டு மாற்று முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. 1962-இல் வெற்றிகரமான மூட்டை உருவாக்கிய அவரும் கிருமிக்குத்தான் அதிகம் அஞ்சினார். தொடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அறுவைக் கூடத்தின் காற்றைச் சுத்தப்படுத்தியும் உடையை மாற்றியும் அதை ஒன்றுக்கும் கீழே கொண்டு வந்தார்.

மாத்திரை போதாதா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கசிவுக்கு எனத் தாமாகவே கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டால், மேலே காய்ச்சலும் சிவப்பும் அடங்கும்; உள்ளே கிருமி வளரும். பிறகு சோதனை செய்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம்.

மருத்துவமனையில் முதலில் நடையைக் குறைத்து, கட்டை மாற்றி, இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைச் சரிபார்ப்பார்கள். அப்படியும் ஐந்து முதல் ஏழு நாளில் நிற்காவிட்டால், புண்ணைத் திறந்து கழுவுவதே முறை. முதல் சில வாரங்களுக்குள் கழுவினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. காலம் கடந்தால் மூட்டையே கழற்றி, மாதக் கணக்கில் மருந்து கொடுத்து, மீண்டும் ஒன்றைப் பொருத்த வேண்டி வரலாம். அன்று பாலம் கடக்கத் தயங்கிய குடும்பம், பின்னர் பல முறை கடக்க நேரும்.

பத்தியமும் இனிப்பு நீரும்

புண் ஆறும்வரை மீன், முட்டை, கோழி ஆகாது என்று நம்மவர் வீடுகளில் பத்தியம் வைப்பதுண்டு. புண் ஆறத் தேவையான புரதம் இவற்றில்தான் இருக்கிறது. வெறும் ரசமும் சோறும் போதாது. சைவ உணவினர் பருப்பு, பால், தயிர், தௌவு ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஹாருவான் மீன் சூப் கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் அது மருத்துவருக்கு மாற்று அல்ல.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு. அவர்கள் அறுவைக்கு முன்பே சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். புகை பிடிப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும், புண்ணில் மஞ்சள் பூசுவதும் கூடவே கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக இருத்தல், காய்ச்சல், சீழ், துர்நாற்றம், குறையாமல் கூடும் வலி ஆகியவை தொற்றின் அடையாளம். கெண்டைக் காலில் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று கடுமையாக வலித்து, கால் குட்டையானது போல் தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999-ஐ அழைக்க வேண்டும்.

வீடு திரும்பும் நாளிலேயே வார்டின் தொலைபேசி எண்ணைத் தாதியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரக் கட்டைப் பார்த்ததும் அந்த எண்ணுக்கு அழையுங்கள். "கொஞ்சம் தண்ணிதானே" என்பதை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.