சைக்கிளுக்கும் கேஸ் உண்டு

"சைக்கிளுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களா சார்?" சென்னையில் வீடு வீடாகப் பேப்பர் போடுபவர், இரவுக் காவலுக்குப் போகும் பெரியவர், டியூஷன் வாசலில் மகளின் சைக்கிளைப் பறிகொடுத்த தாய் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான். போடுவார்கள், போட வைக்க வேண்டும். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேரிடம் கடை பில் இருக்காது. மீதிப் பேர் ஸ்டேஷன் வாசல் வரை போய், "ஒரு சைக்கிளுக்கா வந்தீங்க?" என்ற ஒரு சொல்லில் திரும்பியிருப்பார்கள்.

முன்பு உள்ளாட்சி கொடுத்த லைசென்ஸ் வில்லை இருந்தது. இன்று சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. வண்டி உங்களுடையது என்று சொல்ல இருப்பவை இரண்டுதான்: கடை பில், ஃபிரேமில் பொறித்த எண். பெரும்பாலான சைக்கிள்களில் அந்த எண் பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கம் இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து, சேற்றைத் துடைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் படம் எடுங்கள்.

பில்லுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாகிவிடுகிறது. "பழைய வண்டிதானே, ஆயிரம் ரூபாய் போகுமா?" என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்கும்போது நீங்கள் தலையாட்டினால், எஃப்.ஐ.ஆர். அங்கேயே போய்விடும். மதிப்பு 5,000 அல்லது அதற்கு மேல் என்றால் பில்லைக் காட்டி எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை.

மதிப்பு குறைவு என்றாலும் விரட்ட முடியாது. அந்தப் புதிய சட்டங்களில் ஒன்றான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 174ஆவது பிரிவு, புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதி உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பச் சொல்கிறது. குறைந்தது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். புகாரை இரண்டு பிரதியாக எழுதுங்கள்: நிறுத்திய இடம், நேரம், நிறம், கம்பெனி, ஃபிரேம் எண். "எங்க எல்லை இல்லை" என்ற பதிலும் செல்லாது, எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம் எங்கு நடந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிய வேண்டும் என்று 173ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் அதே புகாரை மாவட்டத்தில் எஸ்.பி.க்கும், சென்னையில் துணை ஆணையருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். கையில் ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

நிறுத்துவதிலும் நம் அலட்சியம் அதிகம். பின்சக்கரப் பூட்டை மட்டும் போட்டுவிட்டு டீக்கடைக்குள் போகிறோம்; சைக்கிளை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட ஒரு நிமிடம் போதும். சங்கிலியை ஃபிரேமுக்குள் விட்டு, அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரயில் நிலைய ஸ்டாண்டில் விட்டால் டோக்கனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம். டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், நிறுத்தச் சொல்லி ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், அப்படி அச்சடித்திருப்பது அஜாக்கிரதைக்குக் கேடயம் ஆகாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு வாங்கி வண்டியைப் பொறுப்பேற்றவரிடம் நீங்களும் அதே நியாயத்தைக் கேட்கலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். சரிப்படாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை.

இனி அடிபடுவது. சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கலாம். மவுன்ட் ரோட்டில் பஸ் இடப்பக்கம் ஒதுங்கும்போது அதற்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தண்ணீர் லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். திரும்பும்போது டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளி ஓட்டுங்கள். ராங் சைடில் வந்து அடிபட்டால், உங்கள் பங்குத் தவறு என்று சொல்லி இழப்பீட்டையும் குறைப்பார்கள்.

அடிபட்டதும் ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். வண்டி எண்ணைக் குறியுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அரசு மருத்துவமனையிலும், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை. அவசரப் பிரிவில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு எழுதும்போது, எந்த வண்டி எங்கே எப்போது இடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸ் தொல்லைக்குப் பயந்து "தவறி விழுந்துட்டேன்" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு வரி பிறகு வழக்கையே கொன்றுவிடும். எத்தனை குடும்பங்கள் இதில் அழிந்திருக்கின்றன! தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

சைக்கிளுக்கு லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் தேவையில்லை. இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடே உங்களுக்குப் பொறுப்பு. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றம்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு, தெரிந்தவர்கள்தான் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு. எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் 1 கொடுக்க வேண்டும். கூடவே எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் மனு நகராது. அதனால்தான் ரசீது, ரசீது என்று அடித்துக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்குள் அந்த வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் தன் அறிக்கையை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையென்றால், மனு கொடுத்த ரசீதோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே நேரில் போய் நில்லுங்கள். பணத்துக்கு உத்தரவு போட வேண்டியவர் அவர்தான்.