அட்டையின் அருமை



தமிழில் 'அட்டை' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஈரமான காடுகளில் மனிதரின் காலைப் பற்றி இரத்தம் உறிஞ்சும் சிற்றுயிரும் அட்டையே. நூலைக் காக்கும் மேலுறையும் அட்டையே. தடித்த தாளும் அட்டையே. இக்கட்டுரை தடித்த தாளாகிய அட்டையைப் பற்றியது.

காலணி வரும் பெட்டி, தேக்காச் சந்தைக்கு மாம்பழம் வந்திறங்கும் பெட்டி, குளிர்பதனப் பெட்டியைச் சுற்றி வரும் உறை, நீங்கள் வகுப்பில் செய்யும் மாதிரி வீடு ஆகிய அனைத்திற்கும் அட்டையே துணை. எடை குறைந்த இப்பொருள் பெருஞ்சுமையைத் தாங்குவது எவ்வாறு?

ஓர் அட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கூர்ந்து நோக்குங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலைபோல் வளைந்த மற்றொரு தாள் தெரியும். அவ்வளைவுகள் பாலத்தின் வில்வளைவுகளைப் போல் பாரத்தைப் பகிர்ந்து தாங்குகின்றன. இடையிலுள்ள காற்று மெத்தைபோல் அதிர்ச்சியைத் தணிக்கிறது.

இவ்வலைத்தாள் 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளுக்கு உள்வரியாகவே முதலில் காப்புரிமை பெற்றது. 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகள் உடையாதிருக்க அதனைச் சுற்றிப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். 1874இல் ஆலிவர் லாங் என்பவர் அலைத்தாளோடு தட்டைத்தாளை ஒட்டி வலுவூட்டினார்.

அட்டைக்கு மறுபிறவியும் உண்டு. பழைய அட்டையை நீரில் ஊறவைத்துக் கூழாக்கினால், மர நார்கள் பிரிந்து மீண்டும் தாளாகும். ஆனால் எண்ணெயும் உணவும் படிந்த அட்டை கூழைக் கெடுத்துவிடும். நம் குடியிருப்புப் பேட்டைகளில் வைக்கப்பட்டுள்ள நீல நிற மறுபயனீட்டுத் தொட்டிகளில் சேர்வனவற்றுள் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டிற்கு உதவாதவை எனத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தெரிவித்துள்ளது. அவ்வாறு கழிக்கப்படுபவை எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவு நிலநிரப்பிடத்தைச் சென்றடைகிறது. 1999இல் திறக்கப்பட்ட அவ்விடம் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. சிறிய நாடாகிய நமக்கு இது பெருங்கவலையன்றோ?

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். புக்கிட் பாஞ்சாங்கிலும் நகரின் பிற பகுதிகளிலும் முதியோர் சிலர் கடைதோறும் அட்டைகளைத் திரட்டித் தள்ளுவண்டியில் கொண்டு செல்வதை நீங்கள் கண்டிருக்கலாம். அவர்கள் அவற்றை எடைபோட்டு விற்கின்றனர். ஒரு கிலோவிற்குக் கிடைப்பது சில காசுகளே. நனைந்து அழுக்கேறிய அட்டைக்கு அதுவும் கிடைப்பது அரிது. நமக்குக் குப்பையாய்த் தோன்றுவது, அவர்களுக்கு உழைப்பின் ஊதியம்.

ஆகவே, மாணவர்களே, வீட்டிற்குப் பொருள் வந்த பெட்டியைக் கசக்கி எறியாதீர். ஒட்டுநாடாவை நீக்கி, தட்டையாக மடித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். உணவு ஒட்டிய பகுதியைக் கிழித்துத் தனியே அகற்றுங்கள். வண்டி தள்ளி வரும் முதியவரைக் கண்டால் வழிவிட்டு, "வணக்கம்" என ஒரு சொல் கூறுங்கள். பொருளின் அருமையை அறிந்தவரே அதனைச் சேகரிப்பவரின் அருமையையும் அறிவர்.