புதிய விதையினம் பரவும் வேகத்தை முன்னறிதல்

புதிய விதையினமொன்று ஊருக்கு வந்தால், அதனை எத்தனை கமக்காரர் எந்தப் போகத்தில் விதைப்பர் என்பதை முன்கூட்டியே மதிப்பிடுதல் விதை உற்பத்தி செய்வோர்க்கு இன்றியமையாதது. மதிப்பீடு குறைந்தால் விதைப்புக் காலத்தில் விதை கிடையாது. மிஞ்சினால், களஞ்சியத்திற் கிடக்கும் விதையின் முளைதிறன் குன்றக் கடன் வளரும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாகாணத்திற் கலப்பினச் சோளம் பரவிய வரலாறாகும். பிறைஸ் றயன், நீல் குறொஸ் என்னும் இருவர் அங்குள்ள கமக்காரரை விசாரித்து 1943 ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர். (றயன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராக இருந்தவர்.) அச்சோளம் பழைய இனங்களிலும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக விளைந்தது. ஆயினும், 1928 ஆம் ஆண்டளவில் வந்த விதையை 1933 வரை பத்தில் ஒருவரே ஏற்றனர். அடுத்த மூன்றாண்டுகளில் அத்தொகை நூற்றுக்கு 40 ஆயிற்று. 1941 அளவில், விசாரிக்கப்பட்ட 259 பேரில் இருவர் தவிர ஏனையோர் யாவரும் ஏற்றுவிட்டனர். முதலில் வாங்கியோரும் முழு நிலத்திலும் விதைத்தாரல்லர். சிறு துண்டில் இட்டுப் பார்த்தே பரப்பைக் கூட்டினர்.

தொடக்கத்திற் செய்தியைக் கொண்டுவந்தவர் விதை விற்பனையாளர். பின்னர் வந்தோரைப் பெரிதும் இணங்கச் செய்தவர் அயலவரே. விதைத்தவர் சிலராயின் பார்ப்பவரும் சிலரே. அவர்கள் தொகை பெருகப் பெருகப் பரவல் விரைவுறும். ஏற்காதோர் அருகியதும் தளரும். பிறாங்க் பாஸ் என்பவர் 1969 இல் இதனைக் கணிதச் சூத்திரமாக அமைத்து, புதிய வீட்டுப் பொருட்களின் விற்பனையை முன்னறியப் பயன்படுத்தினார்.

கமக்காரர் நூறு பேருள்ள ஓர் ஊரை உதாரணமாகக் கொள்வோம். புதிதாக விதை வாங்குவோர் முதற் போகத்தில் 2 பேர், அடுத்து 5, 12, 24 எனக் கூடுகின்றனர். போகந்தோறும் தொகை இருமடங்காவதைக் கண்டவர் ஐந்தாம் போகத்திற்கு 48 பேருக்கு வேண்டிய விதையை ஆயத்தஞ் செய்வார். ஆனால், நான்காம் போகத்துடன் 43 பேர் ஏற்றாயிற்று. எஞ்சியோர் 57 பேரே; அவர்களுள்ளும் தயங்குவோர் பலர். எனவே ஐந்தாம் போகத்தில் 27 பேரும், ஆறாவதில் 17 பேரும், ஏழாவதில் 8 பேருமே வரக்கூடும். பெரும்பாலும் ஊரிற் பாதிப்பேர் ஏற்கும் தறுவாயிலேயே புதியவர் வரவு உச்சத்தை அடையும். விற்பனை மிகச் செழித்திருக்கும் அப்போதுதான் கடன்பட்டு உற்பத்தியைப் பெருக்கும் ஆசையும் எழும்.

நெல்லுக்கும் கலப்பினச் சோளத்திற்கும் இங்கு ஒரு வேறுபாடுண்டு. கலப்பின விதையைப் போகந்தோறும் புதிதாக வாங்க வேண்டும். ஆகவே ஏற்றவர் யாவரும் தொடர்ந்து வாங்குவர். நெல்லோ தன் மகரந்தத்தாற் சூல்கொள்வது. இனம் நிலைபெற்றபின் அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைக்கலாம். 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4 போன்ற நெல்லினங்களைக் கமக்காரர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றும் விதைக்க முடிந்தது. ஆகவே விற்ற விதைநெல்லின் புசற்கணக்கு மட்டும் பரவலைக் காட்டாது. வயல்களையே எண்ண வேண்டும்.

மரக்கறியில் நிலைமை இன்னும் கடினம். புதிய மரக்கறியை முதலிற் பயிரிட்டவர் பெற்ற விலையைக் கண்டே அயலவர் இறங்குவர். எல்லோருடைய விளைச்சலும் ஒரே கிழமையிற் சந்தைக்கு வரின் அவ்விலை நில்லாது. சென்ற போகத்து விலையை விசாரிப்பவர், இப்போகத்தில் எத்தனை பேர் நாற்றுமேடை இட்டுள்ளனர் என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

புதிதாக விதைத்தவர் எத்தனை பேர், இன்னும் விதைக்காதோர் எத்தனை பேர் என்பவற்றைக் கமக்காரர் அமைப்புகள் போகந்தோறும் ஒரு கொப்பியிற் பதிந்து வரலாம். சிறுபோகத்தைச் சிறுபோகத்துடனும் காலபோகத்தைக் காலபோகத்துடனும் ஒப்பிடுக. மழை பிழைத்த போகத்தின் தொகையைத் தனியே குறித்து வைக்கவும்.