கீழாநெல்லிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கண் மஞ்சளித்துவிட்டால் நம் ஊர்களில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வரப்போரம் முளைத்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கும். "காமாலை போயிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தக் காமாலை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

காமாலை ஓர் அறிகுறி. அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் பெரும்பாலோரிடம் தாமாகவே அடங்கிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்ச் சேரும். பி வைரஸ் அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும் அது, சிலருடைய ஈரலில் சத்தமில்லாமல் தங்கிவிடும். கண் வெளுத்த பிறகும் உள்ளே இருக்கும். பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும்.

கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் மூலிகைப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. முதல் பாதியை மட்டும் பாட்டில் மருந்து விற்பவர்கள் இன்றும் விளம்பரத்தில் போடுகிறார்கள்.

தாவரப் பொருள் வைரஸ் மருந்தாகவே ஆகாது என்பதில்லை. பச்சைத் தேயிலைச் சத்தில் செய்த களிம்பு ஒன்றுக்கு, வைரஸால் வரும் பாலுறுப்பு மருக்களுக்காக 2006இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆய்வகக் கிண்ணத்தில் வைரஸை அடக்கும் ஒரு பொருள் மனித உடலில் எவ்வளவு சேர்கிறது, எந்த அளவில் பலன், எந்த அளவில் நஞ்சு என்பதையெல்லாம் தாண்டித்தான் மருந்தாகும். பன்றிக் காய்ச்சல் மாத்திரைக்கு மூலப்பொருள் அன்னாசிப்பூவிலிருந்து கிடைக்கிறது. அதற்காக அன்னாசிப்பூக் கஷாயம் அந்த மாத்திரையின் வேலையைச் செய்யாது.

ஆகவே முதல் வேலை, பி வைரஸைக் கண்டறியும் ஹெச்பிஎஸ்ஏஜி என்னும் ரத்தப் பரிசோதனை. கூடவே ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் கேளுங்கள். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பல இடங்களில் கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. அறிவிப்புப் பலகை வைக்கக்கூட மனமில்லாத நிர்வாகங்கள் உண்டு. சி வைரஸை 12 வார மாத்திரையில் பெரும்பாலோரிடம் ஒழித்துவிடலாம். பி வைரஸை டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் அடக்கிவைக்கும்.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். காமாலையோடு பேச்சுக் குழறல், அளவுமீறிய தூக்கம், ரத்தக்கசிவு இருந்தால் அன்றே மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்; ஹெபடைடிஸ் இ அவர்களுக்கு உயிராபத்து.

பாட்டில் மருந்து வாங்குகிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானங்களும் அவற்றின் அளவும், 'சித்த மருந்து' அல்லது 'ஆயுர்வேத மருந்து' என்ற சொல் எல்லாம் இருந்தாக வேண்டும். உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போனாலும் மருந்தின் பெயரைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால் காலிப் பாட்டிலை எறியாதீர்கள். பில், லேபிளின் நான்கு பக்கப் படம், விளம்பரத்தின் பிரதி, அது வந்த தேதி, மருந்துக்கு முந்தைய, பிந்தைய ரத்த அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மருந்தைப் பற்றிப் பொய்யாகவும் தவறாக வழிநடத்தும்படியும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தமிழ்நாட்டில் புகாரைச் சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கு எழுதுங்கள். அலோபதி மருந்து ஆய்வாளரிடம் போனால் "எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடும். அதோடு சோர்ந்து விடுகிறவர்களே அதிகம். ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், புகாரின் நிலை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

பணத்தையும் இழப்பீட்டையும் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணில் கேட்கலாம்.

புகார் நடக்கிறபடி நடக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு பி வைரஸ் உறுதியானால், மற்ற எல்லோருக்கும் அதே வாரத்தில் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. தாய்க்கு வைரஸ் இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.