மாதுளை தின்னா உதடு வீங்குதா? எந்தப் புரதம்னு பாருங்க

போன வாரம் பந்தல்குடியிலிருந்து அக்கா போன் பண்ணுச்சு. மாதுளை தின்ற அரை மணி நேரத்துல மகளுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. "உடம்புச் சூடுடா தம்பி"ன்னு முடிவும் அதுவே சொல்லிருச்சு. சூடு இல்லக்கா, அலர்ஜியா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுன்னேன்.

ஒரு பழத்தில் பல புரதங்கள் உண்டு. சில, வயிற்றுக்குப் போனதும் சிதைந்துவிடும். பெரும்பாலும் வாய் அரிப்போடு சரி. கொழுப்புக் கடத்திப் புரதம், சுருக்கமா எல்.டி.பி., அப்படியில்ல. நாலு கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருக்கு. வேகவைத்தாலும், வயிற்று அமிலம் பட்டாலும் லேசில் சிதையாது. சிலருக்கு மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரைக்கும் கொண்டுபோகும். மாதுளையில் இருக்கிற எல்.டி.பி.க்குப் பெயர் பியூன் ஜி 1.

பழச்சாற்றைத் தோலில் வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை, மாதுளை ஒத்துக்கலைன்னு மட்டும்தான் காட்டும். எந்தப் புரதத்துக்கு எதிரா ஐஜிஇ இருக்குன்னு ரத்தத்தில் தனித்தனியா பார்த்தால், ஆபத்து எவ்வளவுன்னு ஓரளவு கணிக்கலாம். அதையும் நடந்த கதையோடு சேர்த்துத்தான் படிக்கணும்.

இதிலும் தப்பிப்போறது உண்டு. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் மாதுளையால் வந்த ஒரு கடும் ஒவ்வாமையை ஆராய்ந்து 2002இல் எழுதினாங்க. அங்கே குற்றவாளி புரதமே இல்லை. மானிட்டால் என்கிற சர்க்கரை ஆல்கஹால்!

அக்காகிட்ட சொன்னது இதுதான்: டாக்டர் பார்க்கிற வரைக்கும் மாதுளை வேண்டாம். மூச்சு இழுத்தா கசாயம் வைக்காத, 108-ஐக் கூப்பிடு. அட்ரினலின் ஊசிதான் அதுக்கு மருந்து.

"அப்ப கொல்லையில நிக்கிற செடிய என்னடா பண்ண?"ன்னு கேட்டுச்சு.