மதுரை அமெரிக்கன் கல்லூரி: படிப்பும் மாணவர் வாழ்வும்

மதுரை அமெரிக்கன் கல்லூரி வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தில் அமைந்துள்ள கலை, அறிவியல் கல்லூரி ஆகும். கிறித்தவத் திருச்சபை சார்ந்த இக்கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கப்பட்டது. ஆனால் இங்கு படித்தவரின் பட்டச் சான்றிதழில் இருப்பது நாகமலை புதுக்கோட்டையை அடுத்த பல்கலை நகரில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர். பாடம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் கல்லூரி. பட்டம் வழங்குவது மட்டும் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்பதன் பொருள் இதுதான்.

பசுமலையிலிருந்து கோரிப்பாளையத்துக்கு

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் உருவானது. உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க அது நடத்திய செமினரியே இக்கல்லூரியின் வேர். 1847இல் சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என மிஷன் நிபந்தனை விதித்தபோது பலர் விலகிப் போனார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் யார் பக்கத்தில் யாரும் உட்காரலாம் என்பது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அக்காலத்தில் அதற்காகப் படிப்பையும் வேலையையும் இழக்க நேர்ந்தது.

1904இல் முதல்வர் சம்ப்ரோ கல்லூரியை நகருக்குக் கொண்டுவந்தார். 1909இல் இன்றைய வளாகத்துக்கு மாறியது. 1913இல் முதல்நிலைக் கல்லூரியாகி, பட்ட வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. நூலகத்துக்கு டேனியல் பூரின் பெயர். வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்து பள்ளிகள் பல திறந்தவர் அவர். விடுதிகளும் வாஷ்பர்ன், சம்ப்ரோ எனப் பழைய முதல்வர்களின் பெயர்களைத் தாங்குகின்றன. பெண்களுக்கென இதே மிஷனைச் சேர்ந்த கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கியது டோக் பெருமாட்டி கல்லூரி.

தன்னாட்சியும் பாடத்திட்டமும்

1966 வரை தென் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்தையே படித்தன. அவ்வாண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தரமான கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்ததும் அதே ஆண்டில்தான். 1978இல் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைப் பெற்றது. அமெரிக்கன் கல்லூரி தன்னாட்சி பெற்றது. நாட்டில் முதன்முதலாக இத்தகுதி பெற்ற சில கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

இதனால் மாணவருக்கு என்ன மாற்றம்? இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துபவர் ஒருவர், விடைத்தாளைத் திருத்துபவர் முகம் தெரியாத இன்னொருவர். மொத்த மதிப்பெண்ணில் 75 பெரும்பாலும் அந்தப் பருவத் தேர்வுக்கே போய்விடும். தன்னாட்சியில் வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கு ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுக்கக் கல்லூரிக்கு வழி உண்டு. கடைசி வாரத்தில் ‘கைடு’ வாங்கிப் படித்துத் தேறுவது கடினமாகும். ஆசிரியரே மதிப்பெண் போடுவதால் பாரபட்சம் வரலாம் என்ற அச்சமும் நியாயமானதே. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துக் காட்டும் வழக்கம்தான் இதற்கு நல்ல மருந்து. அதைக் கேட்டுப் பெற மாணவர்கள் தயங்கக் கூடாது.

தமிழகக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக உள்ளது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடம். நான்காம் பகுதியில் வேறு துறைப் பாடம் ஒன்றும் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி போன்றவையும் வரும். ஐந்தாவது, நாட்டு நலப்பணித் திட்டம் முதலிய விரிவாக்கப் பணி. இயற்பியல் மாணவர் தமிழ் படிப்பதும் வரலாற்று மாணவர் கணினி கற்பதும் இந்த அமைப்பால்தான். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என அழைக்கப்படுபவை நோக்குவதும் இப்பரப்பையே. அவற்றுள் ஒன்றான ஓபர்லினிலிருந்து இளம் பட்டதாரிகள் மதுரைக்கு வந்து இங்கே ஆங்கிலம் கற்பித்ததும் உண்டு. பட்டிமன்ற நடுவராகத் தமிழகம் அறிந்த சாலமன் பாப்பையா இக்கல்லூரியில் படித்து, இங்கேயே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்.

வகுப்புக்கு வெளியே

வளாகத்தில் தேவாலயம் இருந்தாலும் எல்லாச் சமயத்தவரும் படிக்கின்றனர். ஏப்ரல் பருவத் தேர்வும் சித்திரைத் திருவிழாவும் அடுத்தடுத்து வருவது மதுரை மாணவர்களுக்கே உரிய சோதனை. கள்ளழகர் எதிர்சேவைக் கூட்டம் தல்லாகுளத்தில் திரளும் இரவுகளில் விடுதியில் புத்தகத்தோடு இருப்பது எளிதல்ல.

சேர விரும்புவோர் கவனிக்க வேண்டியது கட்டணம். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் உள்ளன. முன்னதில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கிறது. பின்னதில் அது மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். பட்டம் ஒன்றுதான், செலவு ஒன்றல்ல. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறோம் என்று பார்த்தே நிரப்ப வேண்டும்.