வரிசை வீடு வாங்கினா பக்கத்து வீடும் சேர்ந்துதான் வரும்

இன்னைக்கு நெதர்லாந்துல, ஸ்டூடண்ட்ஸ் நிறைய இருக்கிற ஏரியால, பழைய வரிசை வீடு வாங்குறது பத்திப் பேசப் போறோம். நானும் என் மனைவியும் டெல்ஃப்ட்ல ஒரு வருஷம் தேடி அலைஞ்ச கதை இது. நடுவுல ஒரு பெரிய தப்பு பண்ணியிருப்போம். நூலிழைல தப்பிச்சோம்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். டெல்ஃப்ட்ல பழைய ஊருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல விப்போல்டர்னு ஒரு பகுதி இருக்கு. சிவப்புச் செங்கல் வீடுகள், ஒண்ணோட ஒண்ணு தோள் ஒட்டி நிக்கும். பல வீடுகள் கிட்டத்தட்ட நூறு வருஷம் பழசு. வாசல் பூரா சைக்கிள். ஸ்டூடண்ட் வீடுகளுக்குத் தனிப் பேரே வச்சிருப்பாங்க, சில வீட்டுல அது முகப்புலயே தொங்கும். எங்களுக்கு அந்தக் கலகலப்பு ரொம்பப் பிடிச்சது.

இப்ப பணக் கணக்கு. விளம்பரத்துல விலைக்குப் பக்கத்துல 'க.க.'ன்னு ரெண்டு எழுத்து இருக்கும். 'கோஸ்டன் கோப்பர்', அதாவது பத்திரச் செலவும் வரியும் வாங்குறவர் தலையில. சொந்தமா குடியிருக்க வாங்கினா வரி 2%. வயசு 35-க்குள்ள இருந்து, முதல் தடவையா இந்தச் சலுகையைக் கேட்டு, வீட்டு மதிப்பும் வரம்புக்குள்ள இருந்தா வரியே இல்லை. 2025-ல அந்த வரம்பு 5,25,000 யூரோ.

பேங்க் அதிகபட்சம் வீட்டு மதிப்புல 100% தான் கடன் தரும். இங்கதான் பலரும் சறுக்குறாங்க. நீங்க போட்டி போட்டு 4,50,000-க்கு ஏலம் கேட்டீங்க, மதிப்பீட்டாளர் 4,30,000-தான்னு எழுதிட்டார்னு வைங்க. அந்த 20,000 உங்க சேமிப்புல இருந்து போகணும். நோட்டாரிஸ் செலவு அதுக்கு மேல.

சரி, எங்க கதைக்கு வர்றேன். முதல் வீட்டுக்கு, "பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டுத்தான் வாங்குவோம்"னு நிபந்தனை போட்டோம். வீடு போயிடுச்சு. அந்தக் கடுப்புல ரெண்டாவது வீட்டுக்கு அந்த நிபந்தனையை எடுத்துட்டோம். லோன் கிடைக்கலைன்னா விலகலாம்ங்கற நிபந்தனை மட்டும்தான் இருந்துச்சு. வீடு கிடைச்சது, கையெழுத்தும் போட்டாச்சு.

ஒப்பந்த நகல் கைக்கு வந்த மறுநாள்ல இருந்து, வாங்குறவருக்குக் குறைஞ்சது மூணு நாள் யோசிக்கிற அவகாசம் சட்டப்படி உண்டு. அதுல ரெண்டு நாளாவது வேலை நாளா இருக்கணும். அதுக்குள்ள காரணமே சொல்லாம விலகலாம், அபராதம் கிடையாது. ரெண்டாவது நாள் சாயங்காலம், சும்மா அறிமுகம் ஆகிக்கலாம்னு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். அஞ்சு ஸ்டூடண்ட்ஸ் இருந்தாங்க. உள்ள கூப்பிட்டு உட்கார வச்சு, "உங்க வீடும் இப்படித்தான் சாயுதா?"ன்னு ஒரு பையன் சிரிச்சுட்டே கேட்டான். காலி பீர் பாட்டிலைத் தரையில படுக்க வச்சான். அது தானா உருண்டு போய் எதிர்ச் சுவர்ல முட்டிச்சு.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

இதுல என்ன பிரச்சனைன்னு சொல்றேன். நெதர்லாந்தோட மேற்குப் பகுதி மண் களிமண்ணும் கரிமண்ணும் கலந்த மெதுமண். பழைய வீடுகளுக்கு ரெண்டு வகை அஸ்திவாரம். ஒண்ணு, மரத் தூண்களைக் கீழ இருக்கிற கெட்டி மணல் வரைக்கும் இறக்குறது. அந்த மரம் நிலத்தடி நீர்ல முழுகியே இருக்கிற வரைக்கும் பல தலைமுறை தாங்கும். நீர்மட்டம் இறங்கி, தூணோட தலைல காத்து பட்டா பூஞ்சை அரிக்கும். இன்னொண்ணு, தூணே இல்லாம சுவரை அகலமாக்கி மண்ணுமேல உட்கார வைக்கிறது. இதுக்கு டச்சுல 'ஓப் ஸ்டால்'னு பேரு. ஸ்டால்னா எஃகுன்னும் அர்த்தம் உண்டு, ஆனா இந்தப் பேருக்கும் எஃகுக்கும் சம்பந்தம் இல்லை! வறட்சில களிமண் சுருங்கினா இந்த வகை வீடு ஒரு பக்கமா இறங்கும்.

சரி பண்ண ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் யூரோ வரைக்கும், சில சமயம் அதுக்கும் மேலயும் ஆகும். பணத்தை விடப் பெரிய சிக்கல், தனியா பண்ண முடியாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர் பொது, அதுக்குக் கீழ அஸ்திவாரமும் பொது. உங்க பக்கத்தை மட்டும் தாங்கிப் பிடிச்சா, பக்கத்து வீடு இறங்கிக்கிட்டே இருக்கும், நடுவுல விரிசல் விடும். அதனால வரிசைல இருக்கிற ஓனர்கள் எல்லாரும் சம்மதிக்கணும். பக்கத்து வீட்டு ஓனரோ வேற ஊர்ல இருந்து வாடகை மட்டும் வாங்குறவர். அவர் அவ்வளவு பணம் இறக்குவாரா? அந்தப் பசங்களுக்கு அவர் முகமே தெரியாதாம்.

மறுநாள் காலைல, அஸ்திவாரச் சோதனைக்கு அனுமதி கேட்டோம். விக்கிறவர் தரப்புல நேரம் இல்லைன்னாங்க. அன்னைக்கே எழுத்துல விலகிட்டோம். அந்த வீடு நல்லாவே இருந்திருக்கலாம். ஆனா தெரியாத ஒரு லட்சத்தைத் தூக்கிச் சுமக்க எங்களுக்குத் தெம்பில்லை.

அதுக்கப்புறம் நாங்க பண்ணது இதுதான். நகராட்சி ஆவணத்துல பழைய கட்டட வரைபடத்தைப் பார்த்து, எந்த வகை அஸ்திவாரம்னு தெரிஞ்சுக்கிட்டோம். தெருவுல எதிர்ப்பக்கம் நின்னு, செங்கல் வரிசை நேரா ஓடுதா, ஜன்னல் சட்டங்கள் கோணலா இருக்கான்னு பார்த்தோம். சாதாரண பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன் மண்ணைத் தோண்டாது, அஸ்திவாரத்துக்குத் தனிச் சோதனை வேணும். அதையும் ஏலத்துல நிபந்தனையாவே போட்டோம். 1960-க்கு முந்தின வீடுன்னா ஈயத் தண்ணிக் குழாய் இருக்கான்னு கேளுங்க. ஆஸ்பெஸ்டாஸ் 1993-ல தான் தடை ஆச்சு, அதையும் விடாதீங்க.

சத்தம்? இந்த வீடுகள்ல மாடித் தளத்தோட மர உத்தரங்கள் பெரும்பாலும் பொதுச் சுவர்ல தான் உட்காரும். பக்கத்து வீட்டு பேஸ் உங்க கட்டிலுக்கே வரும். வீட்டைப் பகல்ல இருபது நிமிஷம் காட்டுவாங்க, அதை நம்பாதீங்க. இங்க ஸ்டூடண்ட்ஸ் பார்ட்டி நாள் வியாழன், வார இறுதில பலர் அப்பா அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க. வியாழன் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தெருவுல நடந்து பாருங்க.

கடைசில ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு வாங்கினோம். வரிசை முழுக்கச் சேர்ந்து பண்ணின அஸ்திவார ரிப்போர்ட் ஏற்கனவே கைல இருந்துச்சு, ஓனர்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. பக்கத்து வீட்டுல ஆறு ஸ்டூடண்ட்ஸ், வியாழக்கிழமை தூக்கம் கொஞ்சம் கஷ்டம்தான். பார்ட்டி இருந்தா முந்தின நாளே கதவைத் தட்டிச் சொல்லிடுவாங்க.

வரிசை வீட்டுல நீங்க வாங்குறது ஒரு வீடு மட்டும் இல்லை, அந்த வரிசைல ஒரு பங்கு. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க. நாங்க லேட்டா தட்டினோம், நல்லவேளை ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!